தவளை சொன்னா சரியாத்தான் இருக்கும்!

பசியாறிட்டியா பேராண்டி? இல்லையா? அப்புறம் காலையில போனவன் ஈப்போ டவுன்ல இவ்வளவு நேரமா என்னதான் பண்ணிக்கிட்டிருந்தே? கோப்பித்தூள் வாங்கினியா! ஒரு பாக்கெட் தூள் வாங்க ஒரு காலைப்பொழுதா? உங்கப்பனுக்குப் பொண்ணு பார்க்கப் போனப்பகூட இதுல பாதி நேரத்துல தட்டை மாத்திட்டு வீட்டுக்கு வந்துட்டோம்.

சரி, கொண்டா அந்தப் பாக்கெட்டை. கண்ணாடி எங்கே... ஆங். முன்னாடி ஒரு பச்சைத் தவளை முத்திரை. பின்னாடி எத்தியோப்பியா, மலை மேல 2,000 மீட்டர் உயரம். அதுக்குக் கீழே மல்லிகைப்பூ வாசம், எலுமிச்சை வாசம், தேன் வாசம். எல்லா வாசமும் போட்டிருக்கான், கோப்பி வாசம் அடிக்குமான்னு மட்டும் போடலை. விலை... ஆத்தாடி! இருக்கட்டும், இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லலை. மனுஷனை உறிஞ்சாம கோப்பியை மட்டும் உறிஞ்சணும்னு நினைக்கிறே பாரு, அது நல்ல புத்தி. நம்ம வம்சத்துல ஒருத்தனுக்கு இந்த மாதிரிக் கவலைப்பட வசதி வந்திருக்கிறது இதுதான் முதல் தடவை. உனக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாம் உறிஞ்சப்பட்ட கட்சி.

அந்தக் கட்சிக்காரன்கிற முறையில கோப்பியைப் பத்தி நாலு வார்த்தை சொல்ல எனக்கும் பாத்தியதை இருக்கு. நம்ம ஆளுங்க கப்பல் ஏறினது ரப்பருக்குன்னுதானே நினைச்சுக்கிட்டிருக்கே? ரப்பர் பின்னாடி வந்த சம்பந்தி. அதுக்கு முன்னாடி இந்தப் பேராக்குல கிரியான் பக்கம் கரும்புத் தோட்டம். இங்கேயும் சிலாங்கூர்லயும் கோப்பித் தோட்டம். கரும்பு வெட்டினவனும் தமிழன், கோப்பி பறிச்சவனும் தமிழன். துரை குடிச்ச கோப்பியில சீனியும் நம்ம கை, தூளும் நம்ம கை. வெந்நீர் மட்டும் அவனோடது. அதையும் பங்களாவுல நம்ம ஆளுதான் கொதிக்க வச்சிருப்பான்.

அந்தத் துரைமார்ல பல பேரு சிலோன்ல பட்ட அடியோட வந்தவங்க. அங்கே 1869-ல கோப்பி இலையில துருநோய் கண்டுச்சு. காட்டை மொட்டையடிச்சு ஒரே சாதிச் செடியை மலை மலையா நட்டு வச்சா, நோய்க்கு அது கல்யாணப் பந்தி மாதிரி. இலை போட்டு வரிசையா உக்கார வச்சிருக்கே, அது பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டே போகும். கொஞ்ச வருஷத்துல சிலோன் கோப்பி படுத்துடுச்சு, அந்த இடத்துல தேயிலை ஏறிச்சு. கோப்பி ஆசை விடாத துரைங்க மலாயாவுல வந்து லிபெரிக்கா கோப்பியை நட்டாங்க. 1890-கள்ல பிரேசில்காரன் உலகம் பூரா மூட்டை மூட்டையாக் கொட்டினான், விலை விழுந்துச்சு. உடனே கோப்பிக்கு நடுவுல ரப்பர் கன்னை நட்டு, அது நிமிர்ந்ததும் கோப்பியைப் பிடுங்கிப் போட்டாங்க. கோலா கங்சார்ல ஹியூ லோ துரை 1877-ல நட்ட ரப்பர்ல ஒரு கிழமரம் இன்னும் நிக்குது, போய்ப் பாரு. செடி மாறிச்சு, துரை மாறினான், லயம் மட்டும் அதே லயம்.

பிரேசில்ல நல்லா விளைஞ்சா பேராக்குல பெரட்டுக்கு நிக்கிற கூலிக்காரன் வயிறு காயும். கோப்பி சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இதுதான். எந்தப் பாக்கெட்லயும் இதை அச்சடிக்க மாட்டான். மல்லிகைப்பூ வாசத்துக்கே இடம் பத்தலையே!

இப்ப உன் தவளைக்கு வருவோம். அது மேல எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரை அது. காட்டை அழிக்காதே, பிள்ளைங்களை வேலைக்கு வைக்காதே, மருந்தைக் கண்டபடி அடிக்காதேன்னு தோட்டக்காரனுக்கு ஏகப்பட்ட சட்டம் போட்டிருக்கு. நல்லதுதான். ஆனா கோப்பிக்கொட்டையை இந்த விலைக்குக் கீழே வாங்கக் கூடாதுன்னு ஒரு அடிவிலை அது கட்டுறதில்லை. தவளைக்குக் காடு தெரியும், தராசு அவ்வளவாத் தெரியாது.

அடிவிலை வேணும்னா ஃபேர்டிரேட் முத்திரை பக்கம் போகணும். அதோட மூத்த அண்ணன் 1988-ல ஹாலந்துல பிறந்த மாக்ஸ் ஹாவலார் முத்திரை. ஜாவாவுல டச்சு ஆட்சி குடியானவனைக் கட்டாயப்படுத்திக் கோப்பி நட வச்ச அநியாயத்தைச் சொல்ற ஒரு பழைய டச்சு நாவல் இருக்கு, அதுலேருந்து எடுத்த பேரு. கவனிச்சியா? அடிச்சவனும் டச்சுக்காரன், அதை எழுதி அழுதவனும் டச்சுக்காரன், அப்புறம் வந்து முத்திரை ஒட்டினவனும் டச்சுக்காரன். ஜாவாக்காரன் நடுவுல கோப்பி பறிச்சுக்கிட்டே இருந்தான்.

கிண்டல் கிடக்கட்டும், ஏற்பாடு நல்ல ஏற்பாடு. 2023 ஆகஸ்ட்லேருந்து கழுவிக் காயவச்ச அராபிக்காவுக்கு ஒரு பவுண்டுக்கு 1.80 டாலர்னு அடிவிலை. அதுக்கு மேல 20 சென்ட் சங்கத்தோட பொதுக்காரியத்துக்கு. சந்தை பாதாளத்துக்குப் போனாலும் குடியானவன் கூடவே போகாம ஒரு படியில நிப்பான். ஆனா 2025 பிப்ரவரியில நியூயார்க் சந்தையில ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டிப் போச்சு. அப்ப அந்தப் படிக்கு வேலை இல்லை. ஏறின விலையில யாரு எவ்வளவு எடுத்தாங்கன்னு முத்திரையைக் கேட்டா, அது வானத்தைப் பார்க்கும். இன்னொண்ணும் கேட்டுக்கோ. கோப்பியில ஃபேர்டிரேட் சின்ன விவசாயிங்க சேர்ந்த சங்கத்துக்குத்தான் கிடைக்கும். பெரிய தோட்டத்துல கூலிக்குப் பறிக்கிறவனுக்கு அந்தக் கதவு திறக்காது. நம்ம சாதிக்காரன் இங்கேயும் வெளியிலதான் நிக்கிறான். முறைக்காதே, நான் சொன்னது கூலிக்காரச் சாதியை.

அதனால முத்திரை பார்த்தே வாங்கு, நான் தடுக்கலை. வாங்குறதுக்கு முன்னாடி அதுகிட்ட ஒரு கேள்வி கேளு. நீ காட்டுக்குக் காவலா, விலைக்குக் காவலா, கூலிக்குக் காவலா? மூணுக்கும் சேர்த்து ஒரே ஆளு காவல் நின்னு நான் பார்த்ததில்லை. ஒண்ணைக் காக்கிறவனை மூணையும் காக்கிறதா நினைச்சு நீ நிம்மதியாத் தூங்கினா, அது அவன் குத்தமில்லை.

எத்தியோப்பியா போதும். ஊருக்கு வா. ஈப்போவுல நீ உன் கூட்டாளிங்களைக் கூட்டிக்கிட்டுப் போற இடம் பண்டார் தீமா ரோடு. 1937-லேருந்து சின் யூன் லோங் கடை, எதிர்த்தாப்ல 1958-லேருந்து நாம் ஹியோங் கடை. ஹைனான் சீனருங்க கொண்டுவந்த கைப்பக்குவம் அது. கொட்டையைச் சீனி போட்டுக் கருக்காம வெறும் மார்ஜரின்ல வறுத்து, டின் பால் ஊத்திக் கலக்குவாங்க. அதான் வெள்ளைக் கோப்பி. அந்த ருசியை 1999-லேருந்து ஓல்ட்டவுன்னு பேரு போட்டுப் பாக்கெட்ல வித்தாங்க. 2017 கடைசியில ஜேக்கப்ஸ் டவ் எக்பர்ட்ஸ்னு ஒரு கம்பெனி சுமார் 147 கோடி வெள்ளிக்கு விலை பேசி, அடுத்த வருஷம் வாங்கியே போட்டுச்சு. தலைமை ஆபீஸ் எங்கேன்னு கேளேன். ஆம்ஸ்டர்டாம்! டச்சுக்காரனை விட்டா கோப்பிக்கு வேற கதியே இல்லை போல.

இப்ப அந்தக் கோப்பைக்குள்ள எட்டிப் பாரு. கொட்டை பெரும்பாலும் வெளிநாடு, வியட்நாமோ இந்தோனேசியாவோ. மார்ஜரின்? செம்பனை எண்ணெய். கிரிமர் மானிஸ்னு எழுதின டின்னா இருந்தா அந்தப் பாலுக்குள்ளயும் செம்பனை எண்ணெய். அந்தச் செம்பனை எங்கே நிக்குது? உங்க பாட்டியும் நானும் காண்டா வாளி தூக்கி, மங்கு மங்கா ரப்பர்ப் பால் சேர்த்த அதே மண்ணுல. ரப்பரை வெட்டிட்டு அதைத்தான் நட்டாங்க. எங்களைத் தாமானுக்கு அனுப்பிட்டு வேற நாட்டுப் பையனுங்களை லயத்துக்குக் கொண்டுவந்தாங்க. எத்தியோப்பியாக் குடியானவன் எத்தனை மீட்டர் உயரத்துல நிக்கிறான்னு உனக்குத் தெரியுது. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வெட்டுற பையன் எந்த ஊரு, என்ன சம்பளம், அவன் பாஸ்போர்ட் யாரு பெட்டியில இருக்கு? தெரியாது. அவனுக்கு உயரம் இல்லை பாரு, அதான் பாக்கெட்ல போடலை.

உங்க பாட்டி கை நகத்தைப் பார்த்திருக்கியா? மருந்துத் தோம்பை முதுகுல கட்டிக்கிட்டு லாலான் புல்லுக்குப் பாராகுவாட் மருந்து அடிச்ச கை அது. தோட்டத்துல மருந்து அடிக்கிறது பொம்பளைங்க வேலை. நகம் கறுத்துப் போகும், மூக்குல ரத்தம் வரும், கண்ணு எரியும். அந்த மருந்துக்கு 2002-ல அரசாங்கம் தடை சொல்லிச்சு, 2006-ல அந்தத் தடையை எடுத்துச்சு. கடைசியில 2020 ஜனவரி 1-ம் தேதிதான் முழுசா ஒழிஞ்சுது. அவ்வளவு வருஷமும் செம்பனை பச்சைப்பசேல்னு இருந்துச்சு. பச்சையா இருக்கிறதெல்லாம் பசுமைன்னு எடுத்துக்காதே.

முத்திரை கதை இங்கேயும் உண்டு. செம்பனைக்கு ஆர்.எஸ்.பி.ஓ.ன்னு ஒரு வட்டமேசை 2004-லேருந்து இருக்கு. 2020-லேருந்து எம்.எஸ்.பி.ஓ. முத்திரை கட்டாயம்னு நம்ம அரசாங்கமும் சொல்லிடுச்சு. அதே 2020-ல என்ன நடந்துச்சு? செப்டம்பர்ல எஃப்.ஜி.வி., டிசம்பர்ல சைம் டார்பி பிளான்டேஷன், ரெண்டு பெரிய கம்பெனியோட எண்ணெயையும் அமெரிக்கா உள்ளே விடமாட்டேன்னுச்சு. கட்டாய வேலை வாங்குற அறிகுறி தெரியுதுன்னு காரணம் சொல்லிச்சு. சைம் டார்பி அந்த வட்டமேசையில பழைய உறுப்பினர். அப்புறம் அந்தக் கம்பெனி, வேலைக்கு வர்றதுக்காகத் தொழிலாளிங்க ஏஜெண்டுக்குக் கட்டின காசைத் திருப்பிக் கொடுத்துச்சு, முறையைத் திருத்திச்சு. 2023-ல தடை நீங்கிச்சு. கங்காணிகிட்ட கடன்பட்டு வந்த நம்ம பாட்டனுக்கும், ஏஜெண்டுகிட்ட கடன்பட்டு வர்ற வங்காளதேசத்துப் பையனுக்கும் என்ன வித்தியாசம்? அவரு கப்பல்ல வந்தாரு, இவன் பிளேன்ல வர்றான். ஆனா ஒண்ணு, அந்தக் காசு திரும்பி வந்தது முத்திரையாலே இல்லை. யாரோ விடாம கேட்டதாலே. உனக்குக் கேள்வி கேட்கத் தெரியும்ல? அதைத் தவளையோட நிறுத்திக்காதேன்னுதான் சொல்றேன்.

அப்புறம், உன் பையில இருக்கிற அந்த மூங்கில் டம்ளர். 45 வெள்ளியா? பூமியைக் காப்பாத்தவா? நல்லது. நாங்க கோப்பிக் கடையில கட்டிக்கிட்டுப் போகணும்னா காலிப் பால் டின்னுல ஊத்தி, மூடியில கயிறு கோத்துக் கொடுப்பாங்க. டின்னு சும்மா, கயிறும் சும்மா. வடிகட்ட துணிப்பை. துவைச்சுக் காயப்போட்டு மறுபடி அதேதான். காகிதமும் இல்லை, அலுமினியச் சிமிழும் இல்லை. உடனே கண்ணு கலங்காதே. பூமி மேல இருந்த பாசத்துல அப்படிச் செய்யலை, கையில காசு இல்லை. ஏழைங்க பண்ணினா அது கஞ்சத்தனம், அதையே நீ 45 வெள்ளி கொடுத்துப் பண்ணினா சுற்றுச்சூழல். பரவாயில்லை, ரெண்டுலயும் குப்பை குறையும். வாங்கினதை நாலு நாள்ல தொலைச்சுட்டு இன்னொண்ணு வாங்காதே, அவ்வளவுதான்.

என்னது, அடுத்த தடவை முசாங் கோப்பி வாங்கிட்டு வர்றியா? அந்தப் பேச்சை இங்கே எடுக்காதே. மரநாய் ராத்திரியில காட்டுல சுத்தி, தனக்குப் பிடிச்ச பழமாப் பொறுக்கித் தின்னுட்டு, தன் இஷ்டத்துக்கு வெளிக்கு இருந்துட்டுப் போனதுல கொட்டையைப் பொறுக்கினவரைக்கும் அது அதோட பிழைப்பு. விலை ஏறினதும் இந்தோனேசியாவுல அதைப் பிடிச்சுக் கம்பிக் கூண்டுல போட்டு, கோப்பிப் பழத்தையே திணிச்சு வளர்க்க ஆரம்பிச்சாங்க. காட்டுலேருந்து எடுத்ததா, கூண்டுலேருந்து எடுத்ததான்னு கோப்பையில பார்த்து யாராலயும் சொல்ல முடியாது. ஒரு வாயில்லாச் சீவனைக் கூண்டுல போட்டு, அது இருக்கிறதைக் கழுவிக் குடிச்சுட்டு நாகரிகம் பேசுறவனை எந்தத் தவளையாலயும் காப்பாத்த முடியாது.

அப்ப என்னதான் குடிக்கிறதுன்னு கேட்கிறே. கேளு, யோசனை சொல்றேன். கிழவன் சொல்றதை முழுசாக் கேட்கணும்னு இல்லை, பாதி கேட்டாலே நீ உங்கப்பனைவிட மேல்.

முதல்ல, நம்ம மண்ணுல விளையிற கோப்பி ஒண்ணு இருக்குங்கிறது ஞாபகம் இருக்கட்டும். துரைங்க கைவிட்டுட்டுப் போன அந்த லிபெரிக்கா சாகலை. இன்னிக்கும் மலேசியாவுல விளையிற கோப்பியில பெரும்பங்கு அதுதான். ஜொகூர் பக்கம் சின்னச் சின்ன விவசாயிங்க வச்சிருக்காங்க. மரம் உசரம், இலை பெருசு, பழம் பெருசு. சமவெளிச் சூட்டைத் தாங்கும். பலாப்பழ வாசம் அடிக்கும்னு சொல்லுவாங்க. பலாப்பழம் வீட்டுக் கொல்லையிலேயே கிடைக்கும்போது மல்லிகைப்பூவுக்கு எத்தியோப்பியா வரைக்கும் ஏன் போறே? யாரு நட்டது, எப்படிக் காயவச்சது, என்ன விலை கொடுத்து வாங்கினேன்னு விக்கிறவனைக் கேளு. ஜொகூர்னா நேர்ல போயே பார்த்துட்டு வரலாம். எத்தியோப்பியாவுக்குப் போக உனக்கு லீவு கிடைக்காது.

வெளியூர்க் கோப்பிதான் வேணும்னா, நிழல்ல வளர்ந்ததாப் பாரு. இந்தியாவுல கோப்பி அனேகமா எல்லாமே நிழல்தான். ஏற்காட்டுலயும் குடகுலயும் பெரிய மரத்துக்குக் கீழே, மிளகுக்கொடி ஏறின மரத்தடியில வளரும். பறவையும் இருக்கும், மண்ணும் சரியாது, கோப்பி விலை விழுந்த வருஷம் மிளகு கஞ்சி ஊத்தும். சிலோன்ல போட்ட கல்யாணப் பந்தியை இங்கே நோய்க்குப் போடலை.

அப்புறம் பால். ஒரு கோப்பையில பூமிக்குப் பாரம் ஏத்துறது கொட்டையைவிடப் பல சமயம் மாட்டுப் பால்தான்னு கணக்குப் போட்டுச் சொல்றாங்க. டின் பாலுக்குப் போனா செம்பனை, மாட்டுப் பாலுக்குப் போனா மாடு. கோப்பி ஓ கோசோங் குடிச்சா ரெண்டும் இல்லை, சீனியும் இல்லை. உன் டாக்டரும் சந்தோஷப்படுவாரு. கசக்குதா? ஞாயம்னா கொஞ்சம் கசக்கும்.

அப்புறம் தூரம். கோலாலம்பூர்லேருந்து 200 கிலோமீட்டர் தனியாளாக் காரை ஓட்டிக்கிட்டு வந்து வெள்ளைக் கோப்பி குடிச்சுட்டு, மூங்கில் டம்ளரைப் படம் பிடிச்சுப் போடுறே. காரு விட்ட புகை அந்தப் படத்துல தெரியலை. அடுத்த தடவை இ.டி.எஸ். ரயில்ல வா, ஈப்போ ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போகலாம். கோப்பையில மிச்சம் வைக்காம குடி. சக்கையைக் கருவேப்பிலைக்குப் போடு.

கடைசியா, கோப்பையை உன் முன்னால கொண்டாந்து வைக்கிற கை. 2025 பிப்ரவரியிலேருந்து குறைஞ்சபட்சச் சம்பளம் 1,700 வெள்ளின்னு அரசாங்கம் சொல்லியிருக்கு. 15 வெள்ளிக்குக் கோப்பி விக்கிற கடையில அந்தப் பையனுக்கு அது முழுசாப் போய்ச் சேருதா, ஓவர்டைம் கணக்கு உண்டா, உக்கார ஒரு நாற்காலி உண்டான்னு விசாரி. முதலாளிக்குக் கோபம் வந்தா வரட்டும். எத்தியோப்பியாவைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுறவரு, கல்லாவுக்குப் பின்னாடி இருக்கிறதைப் பத்தி ஒரு நிமிஷம் பேசினா என்ன?

இதையெல்லாம் தனியா ஒருத்தன் பண்ண முடியாதுன்னு முனகுறே. உண்மைதான். சாமான் வாங்கியே உலகத்தைத் திருத்திடலாம்னா பணக்காரன் எப்பவோ திருத்தியிருப்பான். 1957-ல இந்தியாவுல காப்பி போர்டு தன்னோட காப்பிக் கடைகளை இழுத்து மூடினப்ப, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணைக்கு நிக்க, வேலை போன ஆளுங்களே கூட்டுறவு போட்டுக் கடையை எடுத்து நடத்தினாங்க. இந்தியன் காஃபி ஹவுஸ்ல தலைப்பாகை கட்டிக்கிட்டுக் கோப்பி வைக்கிறவரு கடைக்கும் பங்காளி. இங்கே வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு துண்டா வெட்டி வித்துக்கிட்டிருந்தப்ப, நம்ம சுங்கை சிப்புட்டுத் தலைவர் சம்பந்தன் 1960-ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாரு. தோட்டத்து ஆளுங்க பத்துப் பத்து வெள்ளியாக் கட்டி, தாங்க வேலை பார்த்த மாதிரித் தோட்டங்களையே விலைக்கு வாங்கினாங்க. தவளையும் இல்லை, மல்லிகையும் இல்லை. ரசீது மட்டும் இருந்துச்சு. ஞாயமான பண்டம்னா எனக்குத் தெரிஞ்ச அடையாளம் அதுதான்: வேலை செய்யறவன் பேரு கணக்குப் புஸ்தகத்துல பங்குதாரன் பக்கத்துல இருக்கணும். அப்படி விக்கிற கோப்பி எங்கேயாவது கிடைச்சா, விலை கொஞ்சம் கூட இருந்தாலும் வாங்கு. கிடைக்கலைன்னா, உன் வேலையிடத்துல சங்கம் இருக்கான்னு பாரு. எத்தியோப்பியாக் கூலிக்கு உருகுற நீ உன் ஆபீஸ் சங்கத்துக்குச் சந்தா கட்டினதில்லைன்னு உங்கம்மா சொல்றாளே?

சரி சரி, முகத்தைத் தொங்கப்போடாதே. பாக்கெட்டைப் பிரி, வெந்நீர் கொதிக்குது. நல்ல தூளை வீணாக்குறதும் பாவம்தான். ஆங், இன்னொண்ணு. பட்டணத்துல இப்படி உக்கார்ந்து யோசனை சொல்றவனுக்கு மணிக்கணக்குல ஃபீஸ் கொடுக்கிறீங்களாமே. நான் நீ வந்ததுலேருந்து பேசிக்கிட்டிருக்கேன். சந்தை விலை வேண்டாம், நீ நம்புற ஃபேர்டிரேட் முறைப்படி அடிவிலை கொடு, போதும். அதுக்கு மேல 20 சென்ட், உங்க பாட்டி வெத்தலைப் பொட்டிக்கு. அவதான் சங்கம்.